சிப் வடிவமைப்பு மென்பொருள்: எதற்குக் காசு கொடுப்பது?

வன்னியில் சிப் வடிவமைப்புப் படிக்கிறவர்களும் படிப்பிக்கிறவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி (அறிவியல் நகர், பொறியியல் மாணவன்): அண்ணா, கேடன்ஸ், சினாப்சிஸ் மாதிரிப் பெரிய கம்பனிகளின் விலை கூடிய மென்பொருளைத் தொடாமல் இலவச மென்பொருளில் மட்டும் பழகினால் வேலை கிடைக்குமா?

பதில்: தம்பி, நேர்முகத்தில் பெரும்பாலும் கேட்பது, சிக்னல்கள் நேரத்துக்கு வந்து சேருகின்றனவா என்று காட்டும் டைமிங் அறிக்கையை வாசிக்கத் தெரியுமா என்றுதான். செட்டப், ஹோல்ட் (கடிகாரத் துடிப்புக்குச் சற்று முன்னும் பின்னும் சிக்னல் மாறாமல் நிற்க வேண்டிய நேரங்கள்) எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்று சொல்ல வேண்டும். கடிகாரக் கட்டுப்பாடுகளை எழுதும் எஸ்டிசி கோப்பு சினாப்சிஸில் பிறந்தது. இலவச வடிவமைப்பு மென்பொருளான ஓப்பன்ரோடும் அதையேதான் வாசிக்கிறது. இரண்டிலும் டிசிஎல் என்ற மொழியில் எழுதும் கட்டளைகள்தான். பிறகு மாறுவது கஷ்டமில்லை.

கேள்வி (வவுனியா, விரிவுரையாளர்): எங்கள் துறைக்குக் கொஞ்சப் பணம் வருகிறது. பெரிய கம்பனி மென்பொருளுக்கு இரண்டு லைசன்ஸ் எடுக்கலாமா?

பதில்: எத்தனை நனோமீற்றர் உற்பத்தி முறையில் செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், சேர். 130 நனோமீற்றர் என்றால் ஸ்கைவாட்டர் என்ற சிப் தொழிற்சாலையின் வடிவமைப்புக் கோப்புகளை 2020இல் கூகுளோடு சேர்ந்து எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதற்கு யோசிஸ், ஓப்பன்ரோட், மேஜிக், கேலேஅவுட் என்ற இலவச மென்பொருள்களே காணும். 7 நனோமீற்றர் என்றால் கதை வேறு. தொழிற்சாலை தன் விதிக்கோப்புகளை இரகசிய ஒப்பந்தத்தின் பேரில், பெரிய கம்பனிகளின் மென்பொருளுக்கென்றே தருகிறது. அங்கே இலவசத்துக்கு வழியில்லை.

விலை கூடிய மென்பொருள் அதே சுற்றைச் சிறிய பரப்பில், கூடிய வேகத்தில் தரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மிச்சம் இலட்சக்கணக்கில் சிப் அச்சிடுகிறவருக்குத்தான் காசாகும். பலருடைய சின்னச் சுற்றுகளை ஒரே சிப்பில் சேர்த்து அச்சிடும் டைனி டேப்அவுட் திட்டத்தில் மாணவருக்குக் கிடைக்கும் ஒரு கட்டம் சுமார் 160க்கு 100 மைக்ரோமீற்றர். சுற்று அதற்குள் அடங்கினால் சரி. பரப்பை இன்னும் சுருக்கி என்ன பயன்?

இன்னொன்று, இரண்டு லைசன்ஸ் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் வேலை செய்யலாம். மற்றப் பிள்ளைகள் காத்திருக்கிற நேரமும் செலவுதான். பெரும்பாலும் அது வருட வாடகை. அடுத்த வருடம் பணம் வராவிட்டால் பழைய வேலையைத் திறப்பதே பாடு. அந்தப் பணத்தில் நல்ல றாம் போட்ட கணினிகள் வாங்குங்கள்.

கேள்வி (முல்லைத்தீவு): இக்காரஸ் என்ற இலவச மென்பொருளில் சிமுலேஷன் (சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது) இரவு முழுக்க ஓடுகிறது. காசு கொடுத்தால்தான் வேகமா?

பதில்: இல்லை, வெரிலேட்டரைப் பாருங்கள், அதுவும் இலவசம். சுற்றை எழுதும் வெரிலொக் மொழியை சி++ ஆக மாற்றி ஓட்டுவதால் பல மடங்கு கெதி. ஆனால் அது 0, 1 என்றுதான் கணக்குப் பார்க்கும். 0ஆ 1ஆ என்று தெரியாத எக்ஸ் நிலையை வடிவாகக் காட்டாது. சுற்றைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் ரீசெட்டில் உள்ள பிழைகள் அதில் ஒளிந்துகொள்ளும். ஆகவே சின்னச் சோதனைகளை இக்காரஸிலும் நீண்ட ஓட்டங்களை வெரிலேட்டரிலும் வையுங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு, ஒரு தாய்): தம்பி, மகன் பெரிய கம்பனி மென்பொருளின் உடைத்த பிரதி வாங்கக் காசு கேட்கிறான். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அக்கா. அது களவு. அதோடு வைரஸும் வரலாம்; வேலைக்குப் போகிற இடத்தில் பெயரும் கெடும். அந்தக் காசில் சின்ன எஃப்பிஜிஏ போர்டு (எழுதிய சுற்றை ஏற்றி ஓட்டிப் பார்க்கும் பலகை) ஒன்று வாங்கிக் கொடுங்கள். அதற்கான மென்பொருள்களான விவாடோ, குவார்ட்டஸ் இரண்டிலும் இலவசப் பதிப்பு உண்டு. பல பத்து ஜிபி இறக்க வேண்டும், கம்பஸ் இணைப்பில் இறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (மாங்குளம்): வெரிலொக்கில் இருந்து சிப் வரைபடம் வரை எல்லாக் கட்டங்களையும் வரிசையாக ஓட்டும் ஓப்பன்லேன் ஓடும்போது கரண்ட் போனால் முதலில் இருந்தா?

பதில்: தேவையில்லை. ஒவ்வொரு கட்டத்தின் முடிவும் தனிக் கோப்புறையில் இருக்கும். நின்ற கட்டத்தின் பெயரைக் கொடுத்து அங்கிருந்து ஓட்டுங்கள்.