கடிதங்களும் உருவப்படங்களும் சேர்த்துக் கட்டிய பழைய வாழ்க்கை வரலாறுகள்: வாங்குவோர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஓர் ஏலப் பட்டியலில் 19ஆம் நூற்றாண்டு வாழ்க்கை வரலாறு ஒன்று வந்திருக்கிறது. மூன்று தொகுதிகளாக வெளிவந்த நூல் ஒன்பது தொகுதிகளாக விரிக்கப்பட்டிருப்பதாகவும், 60 கடிதங்களும் 400 உருவப்படங்களும் சேர்க்கப்பட்டிருப்பதாகவும் குறிப்பு சொல்கிறது. அதே நூலின் முதற்பதிப்பைவிடப் பல மடங்கு மதிப்பிட்டிருக்கிறார்கள். இது தனிப் பதிப்பா? இந்த விலைக்கு நியாயம் உண்டா?

பதில்: தனிப் பதிப்பு அன்று, உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கும் பிரதி. அச்சாகி வந்த நூலை வாங்கிய ஒருவர், அதன் தையலைப் பிரித்து, நூலில் பேசப்படும் மனிதர்களின் உருவப்படங்களையும் அவர்கள் கைப்பட எழுதிய கடிதங்களையும் தேடிச் சேர்த்து, உரிய பக்கங்களுக்கு எதிரே வைத்து மறுபடியும் கட்டுவித்திருக்கிறார். பெரிய கடிதங்களுக்கு இடம் வேண்டும் என்பதால், சிறிய அளவில் அச்சான நூலின் ஒவ்வொரு தாளையும் பெரிய தாள் ஒன்றில் சன்னல் வெட்டி அதற்குள் பதித்து, எல்லாத் தாள்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவார்கள். மூன்று தொகுதிகள் ஒன்பதானது இவ்வாறுதான்.

இந்தப் பழக்கத்தின் தொடக்கம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற பாதிரியார், அந்நாட்டின் முக்கிய மனிதர்களைக் காலவரிசையில் நிறுத்தி, யாருக்கு எந்தெந்த அச்சு உருவப்படங்கள் உள்ளன என்று பட்டியலிட்ட நூலை 1769இல் வெளியிட்டார். அவர் தந்தது பட்டியலை. படங்களைத் தேடி ஒட்டும் வேலையை வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தலைமுறையில் இது பெரும் பித்தாகவே வளர்ந்தது. அலெக்சாண்டர் சதர்லாந்தும் அவர் மனைவி ஷார்லட்டும் கிளாரண்டன், பர்னெட் ஆகியோரின் வரலாற்று நூல்களை 61 தொகுதிகளாக விரித்தார்கள்; 1837இல் ஷார்லட் அவற்றை ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்துக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் தாமஸ் அடிஸ் எம்மெட் என்ற மருத்துவர், விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களின் வாழ்க்கை வரலாற்றை அவர்களுடைய கடிதங்களாலேயே நிரப்பினார். 1896இல் அவருடைய சேகரிப்பு நியூயார்க் பொது நூலகத்தைச் சேர்ந்தது. சேகரிப்பவரிடம் தெளிவான நோக்கம் இருந்தால் இத்தகைய நூல் ஓர் ஆவணக் காப்பகமாகவே மாறிவிடும் என்பதற்கு எம்மெட்டின் பணியே சான்று.

இனி விலை. பட்டியல்கள் எண்ணிக்கையைத்தான் முதலில் சொல்லும். நீங்கள் அதைக் கடைசியாகப் பாருங்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடிதம் தான் வைக்கப்பட்டிருக்கும் பக்கத்தோடு தொடர்புடையதா? ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய சார்லஸ் டிக்கன்ஸின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1872 முதல் 1874 வரை மூன்று தொகுதிகளாக வந்த அந்நூல், இப்படி விரிப்பவர்களுக்கு மிகவும் பிடித்தமான ஒன்று. ஒரு நாவலுக்கான படம் பற்றி ஓவியருக்கு டிக்கன்ஸ் எழுதிய கடிதம், அந்நாவல் உருவான கதையைச் சொல்லும் பக்கத்துக்கு எதிரே இருந்தால் அதற்கு எந்த விலையும் தகும். விருந்துக்கு வர இயலாது என்று எழுதிய இரண்டு வரிக் குறிப்புக்கும், அவர் கையெழுத்து உள்ள காசோலைக்கும், கடித உறையின் முகப்பை மட்டும் வெட்டி ஒட்டியதற்கும் அந்த மதிப்பு இல்லை. டிக்கன்ஸ் உறையின் இடது கீழ் மூலையில் தம் பெயரை எழுதும் வழக்கமுடையவர் என்பதால், அத்தகைய முகப்புகள் நிறையவே கிடைக்கின்றன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் நூல் வணிகர்களே விற்பனைக்காக இவற்றைத் தயாரித்திருக்கிறார்கள். தோல் அட்டையும் தங்க வேலைப்பாடும் பளபளக்கும். உள்ளே மலிவாகக் கிடைத்த கடிதங்களும், எங்கும் கிடைக்கும் படங்களும் இருக்கும். தனி மனிதர் ஒருவர் தம் ஆர்வத்தால் செய்தது என்றால், பெரும்பாலும் அவர் கையால் எழுதிய குறிப்புகளோ, இதற்கென்றே அச்சிட்ட தலைப்புப் பக்கமோ, சேர்த்தவற்றின் பட்டியலோ நூலில் காணப்படும். அட்டை சுமாராக இருந்தாலும் நான் பின்னதையே தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: நூல் 1880 வாக்கில் கட்டப்பட்டது என்று விற்பவர் சொல்கிறார். அவ்வளவு பழைய கட்டுக்குள் இருக்கும் கடிதங்கள் அசலாகத்தானே இருக்க வேண்டும்? நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பதில்: கட்டு பழையது என்பது பாதிச் சான்றுதான். பிற்காலப் போலிகளை அது தள்ளிவிடும். 1930களில் லிங்கன் கையெழுத்தைப் போலி செய்து விற்ற ஜோசப் கோசியின் வேலை, 1880க்குப் பின் பிரிக்கப்படாத ஒரு கட்டுக்குள் நுழைந்திருக்க முடியாது. ஆனால் போலி செய்தவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். ராபர்ட் ஸ்பிரிங் என்பவர் ஜார்ஜ் வாஷிங்டனின் கையெழுத்தைப் போலி செய்தே பிழைத்து 1876இல் இறந்தவர். தம்மைக் கவிஞர் பைரனின் மகன் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் விற்ற கவிஞர் ஷெல்லியின் கடிதங்கள், ராபர்ட் பிரௌனிங்கின் முன்னுரையோடு 1852இல் நூலாகவே வந்து, போலி என்று தெரிந்தவுடன் திரும்பப் பெறப்பட்டன. எடின்பரோவில் பர்ன்ஸ், ஸ்காட் ஆகியோரின் கடிதங்களை உருவாக்கி விற்ற அலெக்சாண்டர் ஸ்மித் 1893இல்தான் தண்டிக்கப்பட்டார். ஆகவே நூலை முதலில் தொகுத்த நல்ல மனிதரே ஏமாந்து, போலியை நல்ல நம்பிக்கையோடு உள்ளே வைத்துக் கட்டியிருக்கலாம்.

போலியைவிட அதிகமாக எதிர்ப்படுவது அச்சு நகல். 19ஆம் நூற்றாண்டு நூல்களில், புகழ்பெற்றவரின் கையெழுத்தைக் காட்டுவதற்காகக் கடிதத்தைக் கல்லச்சில் நகலெடுத்துச் சேர்க்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அந்தத் தாள் நூலிலிருந்து பிரிந்துவிட்டால், மடிப்பும் பழுப்புமாக அசல் போலவே தோன்றும். பாரிஸின் கலிஞானி பதிப்பகத்துக்கு 1819இல் பைரன் எழுதிய கடிதத்தின் நகல் அவர்களுடைய பதிப்பில் வெளிவந்தது. அந்த நகலை அசல் என்று எண்ணிக் கொண்டு வருபவர்கள் இன்றும் ஓயவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் பாருங்கள். இறகுப் பேனாவின் கோடு அழுத்தத்துக்கு ஏற்பத் தடித்தும் மெலிந்தும் செல்லும், இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் மை கூடுதலாகக் கறுக்கும், சில இடங்களில் தாளின் பின்புறம் வரை ஊறியிருக்கும். கல்லச்சில் கறுப்பு எங்கும் ஒரே சீராகத் தாளின் மேலேயே படிந்திருக்கும். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த அக்கால மை காலப்போக்கில் பழுப்பேறுவதும், எழுத்தைச் சுற்றித் தாளை அரிப்பதும் இயல்பு. நகலில் இந்த அரிப்பு இராது.

அடுத்து தாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், தாள் செய்யும்போதே அதில் பதிந்த நீர்க்குறி தெரியும். 1794ஆம் ஆண்டின் வரிச் சட்டத்துக்குப் பின் பிரிட்டனின் தாள் உற்பத்தியாளர்கள் ஆண்டையும் நீர்க்குறியில் சேர்க்கத் தொடங்கினார்கள். கடிதத்தின் தேதி நீர்க்குறியின் ஆண்டுக்கு முந்தியிருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டியதில்லை. சன்னல் வெட்டிப் பதித்த கடிதத்தில் இரு புறமும் பார்க்க முடியும். முழுவதும் ஒட்டப்பட்ட கடிதத்தில் முடியாது என்பதால், பின்னதை நான் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவேன். பிரிட்டனில் 1840இன் அஞ்சல் சீர்திருத்தத்துக்கு முன் தாள்களின் எண்ணிக்கைப்படி கட்டணம் வாங்கினார்கள். உறையும் ஒரு தாளாகக் கணக்கில் வரும். அதனால் கடிதத்தையே மடித்து, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதி, அரக்கு முத்திரை இட்டு அனுப்புவார்கள். 1810களின் கடிதம் ஒன்று தனி உறையோடு இருந்தால் ஆள்வழி அனுப்பப்பட்டதா என்றாவது கேளுங்கள்.

இவ்வளவும் தேறினாலும், எழுதியவர் அவரேதானா என்ற கேள்வி மிஞ்சும். அரசியல் தலைவர்களின் கடிதங்களில் உடல் எழுத்து செயலாளருடையதாகவும் கையொப்பம் மட்டும் அவருடையதாகவும் இருப்பது சாதாரணம். ஒரே பெயருள்ள தந்தையும் மகனும் இடம் மாறுவதும் உண்டு. பெரிய தொகை என்றால், அந்த ஒருவரின் கையெழுத்தை நன்கு அறிந்த வல்லுநரின் எழுத்துமூலக் கருத்து இல்லாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: 400 உருவப்படங்கள் என்கிறார்களே, அவற்றுக்கென்று தனி மதிப்பு உண்டா?

பதில்: பெரும்பாலானவற்றுக்குச் சொற்பமே. 1820களுக்குப் பின் எஃகுத் தகட்டில் செதுக்கிய உருவப்படங்கள் ஏராளமாக அச்சாயின. செப்புத் தகடு விரைவில் தேயும், எஃகு அவ்வளவு எளிதில் தேயாது. 18ஆம் நூற்றாண்டின் மெசோடின்ட் படங்களில் (செப்புத் தகட்டைச் சொரசொரப்பாக்கி நிழலும் ஒளியும் வரச் செய்து அச்சிட்டவை), தகடு தேய்வதற்கு முன் எடுத்த ஆரம்பப் பிரதி, தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் வெட்டுப்படாமல் இருந்தால் கவனிக்கத்தக்கது. கண்ணாடியில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ அதற்குப் பின்போ வந்த இயந்திரப் பட நகல். படங்களின் பின்புறத்தையும் பாருங்கள்: பிற நூல்களைக் கிழித்தே இந்தப் படங்களைச் சேர்த்தார்கள் என்பது இந்தப் பொழுதுபோக்கின் மறுபக்கம். நூலக முத்திரையோ, அதைச் சுரண்டிய தடமோ தெரிந்தால், முறையாகக் கழிக்கப்பட்டதற்கான சான்று கேட்காமல் பணம் தராதீர்கள்.

கேள்வி: ஏல விதிகளில், இத்தகைய நூல்கள் "உள்ள நிலையிலேயே விற்கப்படும், திருப்பி எடுக்கப்பட மாட்டாது" என்று இருக்கிறது. சாதாரண நூலில் பக்கம் குறைந்தால் திருப்பலாம் என்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு?

பதில்: அச்சிட்ட நூலில் எத்தனை பக்கம், எத்தனை படம் இருக்க வேண்டும் என்பதற்கு வேறு பிரதிகள் அளவுகோலாக இருக்கின்றன. இங்கே ஒப்பிட வேறு பிரதி கிடையாது. ஏதாவது குறைகிறது என்று எதை வைத்துச் சொல்வது? அதனால்தான் ஏல நிறுவனங்கள் பொறுப்பைக் கைகழுவுகின்றன. இது நியாயமான விதிதான். ஆனால் சோதனையின் முழுச் சுமையும் ஏலத்துக்கு முன்பே உங்கள் மேல் விழுகிறது.

நேரில் பார்க்க முடியாவிட்டால், ஒவ்வொரு கடிதத்துக்கும் எழுதியவர், பெற்றவர், தேதி, பக்க அளவு, பதித்ததா ஒட்டியதா என்ற விவரத்தையும் ஒளிப்படத்தையும் எழுதிக் கேளுங்கள். தொகுத்தவர் வைத்த பழைய பட்டியல் நூலில் இருந்தால் அதனோடு ஒப்பிடுங்கள். கடிதம் உருவப்பட்ட இடத்தில் தையலோரம் குறுகிய தாள் துண்டு மிஞ்சியிருக்கும். நீண்ட காலம் எதிரே இருந்த கடிதத்தின் பழுப்பு நிழல் அச்சுப் பக்கத்தில் படிந்திருக்கும். உள்ளிருந்தவை போனபின் தொகுதி அட்டைக்குள் தளர்ந்து கிடக்கும். மிகச் சிறந்த கடிதத்தை மட்டும் எடுத்து விற்றுவிட்டு, மீதியை முழுமை என்று விற்பதுதான் இந்தத் துறையின் பழைய தந்திரம்.

பிறகு, கடிதங்களைத் தனித்தனியே வாங்கினால் என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். வாங்குபவரிடம் ஏல நிறுவனம் வசூலிக்கும் கூடுதல் கட்டணத்தையும் மறக்க வேண்டாம். 1947இல் தொடங்கிய பழம்நூல் வணிகர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் தம் விவரிப்புக்குப் பொறுப்பேற்கும் நடத்தை விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்களிடம் விலை கூடுதலாக இருந்தாலும், கடிதம் போலி என்று பின்னால் தெரிந்தால் போய் நிற்க ஓர் இடம் இருக்கும்.

கேள்வி: வாங்கிய நூலில் ஒரு கடிதத்தின் மை தாளை அரிக்கிறது. கடிதங்களைப் பிரித்துத் தனியே பாதுகாக்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். பிரித்த கணமே அந்தப் பிரதியின் தனித்தன்மை போய்விடும், பதித்த விளிம்பும் கிழியும். ஈரப்பதம் மையின் அரிப்பைத் தூண்டும் என்பதால், நூலை வறட்சியும் ஈரமும் மாறி மாறி வராத இடத்தில், பெரிய தொகுதி என்றால் படுக்கை நிலையில், அமிலமற்ற பெட்டிக்குள் வையுங்கள். எழுத்து உதிரத் தொடங்கியிருந்தால் காகிதப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். நீங்களாகத் தண்ணீரோ பசையோ நாடாவோ தொட வேண்டாம். அந்த ஒரு கடிதத்தைக் கட்டாயம் எடுக்க நேர்ந்தால், இருந்த நிலையை முதலில் படமெடுத்து, கடிதத்தையும் அந்தப் படத்தையும் நூலோடு சேர்த்தே வையுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள கடிதங்கள் எங்கும் அச்சானதாகத் தெரியவில்லை. நான் வெளியிடலாமா?

பதில்: தாள் உங்களுடையது, சொற்கள் உங்களுடையவை அல்ல. 1741இல் அலெக்சாண்டர் போப் பதிப்பாளர் கர்ல் மீது தொடுத்த வழக்கிலேயே, கடிதத்தைப் பெற்றவருக்குத் தாளும் எழுதியவருக்குப் பதிப்புரிமையும் உரியவை என்று இங்கிலாந்து நீதிமன்றம் பிரித்துவிட்டது. அந்நாட்டில் நெடுங்காலத்துக்கு முன் இறந்தவர்களின் வெளிவராத எழுத்துகள் பலவற்றுக்கும் 2039ஆம் ஆண்டின் இறுதிவரை பதிப்புரிமை நீடிக்கிறது. நீங்கள் வெளியிடப்போகும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

கேள்வி: அட்டையில் சிறு உருவ ஓவியம் பதித்த, கடிதங்களும் உள்ள ஒரு வாழ்க்கை வரலாற்றை லண்டனிலிருந்து வாங்க நினைக்கிறேன். தடை ஏதும் உண்டா?

பதில்: இரண்டு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரிவியர் நூற்கட்டு நிறுவனம் செய்த தோல் அட்டைகளில் செல்வி கர்ரி வரைந்த சிற்றோவியங்களைக் கண்ணாடிக்குக் கீழ் பதித்து விற்றார்கள். ஓவியர் ரிச்சர்ட் காஸ்வேயின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. அந்த ஓவியங்கள் பலவும் யானைத் தந்தத்தில் வரையப்பட்டவை. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. 1918க்கு முந்திய சிற்றோவியங்களுக்கும், 1947 மார்ச்சுக்கு முந்திய பொருள்களில் தந்தம் பத்து விழுக்காட்டுக்குக் குறைவாக இருப்பவற்றுக்கும் விலக்கு உண்டு என்றாலும், விற்பவர் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பிரிட்டனிலிருந்து வெளியேற்றவும், உங்கள் நாட்டுக்குள் கொண்டுவரவும் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி தனி அனுமதிகளும் தேவைப்படும். மற்றொன்று கடிதங்களைப் பற்றியது: ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்து ஆவணங்களைப் பிரிட்டனிலிருந்து அனுப்ப ஏற்றுமதி உரிமம் வேண்டும். பதிவும் உரிமமும் யார் செலவில், கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.