உணவியலா, ஆசிரியர் பிரிவா?

வணக்கம். அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகத்தில் குடும்ப, நுகர்வோர் அறிவியல் (நம்மூர் மனையியல் போன்றது) சேர்ந்துவிட்டு, வேதியியலுக்குப் பயந்து உணவியலை விட்டுவிட்டு, இதே பாடத்தின் ஆசிரியர் பிரிவுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பயம் கிடக்கட்டும், முதலில் காலத்தைக் கணக்குப் போடுங்கள். அங்கே பதிவுபெற்ற டயட்டீஷியன் (உணவியல் நிபுணர்) ஆவதற்கான தேர்வை எழுத 2024 முதல் முதுகலைப் பட்டம் கட்டாயம். மேற்பார்வையில் களப்பயிற்சியும் உண்டு. உங்கள் துறையின் உணவியல் பிரிவுக்கு உரிய அங்கீகாரம் இருக்கிறதா என்று உடனே கேளுங்கள். இல்லையென்றால் அந்த வழியில் தேர்வுக்குப் போக முடியாது.

ஆசிரியர் பிரிவில் வேதியியல் தொல்லை குறைவு. ஆனால் ஆசிரியர் உரிமத்துக்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

"சமையல் படிப்பு" என்று சிரிக்கும் உறவினர்களா? இத்துறையின் முன்னோடி எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் 1873இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) பட்டம் வாங்கிய வேதியியலாளர், சொல்லி வையுங்கள்.

சரி, முதல் பருவத்தில் பொது வேதியியலை எடுத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் அப்புறம் பிரிவு மாறலாம்.