நாளைக்கு மிச்சம் வைக்கும் கதை

அன்புள்ள ஐயா,

பாலக்கோடு பக்கம் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் நூலகத்தில் கூடும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ‘கன்னித்தீவு’ படக்கதையைக் கூத்தாகப் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கூத்து வாத்தியார் ஒருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் நண்பர்கள், இரண்டு மணி நேரத்தில் தொடக்கமும் முடிவும் உள்ள கதையாகச் சுருக்கினால்தான் ஜனம் உட்காரும் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை; காரணம் சொல்லவும் தெரியவில்லை. செய்தித்தாள் படக்கதைகள் சினிமாவாகவோ தொலைக்காட்சித் தொடராகவோ வரும்போது பெரும்பாலும் ஏன் சப்பென்று ஆகிவிடுகின்றன? நாங்கள் எதைக் காப்பாற்ற வேண்டும்?

ம., பாலக்கோடு

அன்புள்ள ம.,

உங்கள் மனம் சொல்வதுதான் சரி. இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடாதீர்கள்.

மந்திரவாதி மூசா லைலாவைப் பொம்மை அளவுக்குச் சுருக்கிவிட்டான். அவளைப் பழைய உருவுக்கு மீட்க சிந்துபாத் அலைகிறான். கன்னித்தீவின் கதை என்று கேட்டால் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அது தினத்தந்தியில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வந்துகொண்டிருக்கிறது. தருமபுரி பஸ் நிலையத்து டீக்கடைகளில், தலைப்புச் செய்தியைத் தாண்டாதவர்கள்கூட அந்த இரண்டு மூன்று கட்டங்களைப் பார்த்துவிட்டுத்தான் தாளை அடுத்தவர் கையில் கொடுப்பார்கள். படிக்க ஒரு நிமிடம் ஆகாது. அந்த நிமிடமும் அதற்குப் பின் வரும் ஒரு நாள் காத்திருப்பும் சேர்ந்ததுதான் படக்கதை. காத்திருப்பை எடுத்துவிட்டுக் கட்டங்களை மட்டும் அடுக்கினால், ஒரே ஆபத்து பெயர் மாறித் திரும்பத் திரும்ப வருவது அம்பலமாகிவிடும். நீங்கள் சொல்லும் சப்பென்ற உணர்வு அங்கேதான் பிறக்கிறது.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் பழைய ஹாலிவுட்காரர்கள். அலெக்ஸ் ரேமண்ட் 1934இல் தொடங்கிய ‘ஃபிளாஷ் கார்டன்’ ஞாயிறு படக்கதையை 1936இல் யுனிவர்சல் நிறுவனம் திரைக்குக் கொண்டுவந்தபோது, அதை ஒரே படமாக எடுக்கவில்லை. 13 பகுதிகள் கொண்ட தொடராக எடுத்தது. ஒவ்வொரு பகுதியும் ஆபத்தின் உச்சியில் நிற்கும். மிச்சத்துக்கு அடுத்த வாரம் வர வேண்டும். ஜப்பானில் மச்சிகோ ஹசெகாவா 1946 முதல் 1974 வரை வரைந்த ‘சசாயே-சான்’ இன்னொரு வழி. 1969இல் தொலைக்காட்சிக்குப் போன அது இன்றும் ஞாயிறு மாலைகளில் வருகிறது. அரை மணி நேரத்துக்குள் மூன்று குட்டிக் கதைகள். யாருக்கும் வயதாவதில்லை, எதுவும் முடிவதில்லை. அதே நாட்டில் அசைபட (அனிமேஷன்) இயக்குநர் இசாவோ தகாஹதா, அசாஹி ஷிம்புன் நாளிதழில் வந்த நான்கு கட்டப் படக்கதையின் யமடா குடும்பத்தை 1999இல் முழுநீளப் படமாக்கினார். அவரும் துண்டுகளை ஒரே கதையாகத் தைக்கவில்லை. நீர்வண்ணம் தீட்டிய காட்சிகளைச் சுற்றி வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிட்டு, துண்டு துண்டாகவே காட்டினார். படம் வசூலில் தோற்றது. இருந்தாலும் இந்த வகையில் அதைவிட நேர்மையான முழுநீளப் படத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது சிக்கல் குரல். படக்கதையில் ஒவ்வொருவரின் குரலையும் வாசகரே மனத்துக்குள் பேசிக்கொள்கிறார். நடிகர் வாய் திறந்ததும் ஆயிரம் குரல்கள் போய் ஒரே குரல் மிஞ்சுகிறது. கால்வின் என்ற சிறுவனையும் அவனுடைய புலிப் பொம்மையையும் வைத்து ‘கால்வினும் ஹாப்ஸும்’ படக்கதையை வரைந்த பில் வாட்டர்சன் 1985 முதல் 1995 வரை பத்தே ஆண்டுகள் வரைந்தார். பொம்மையும் பனியனும் போடக்கூட உரிமை தர மறுத்தார். அசைபடக் கலைமேல் மரியாதை உள்ளவர்தான். ஆனாலும் கால்வினுக்கு ஒரு குரல் வந்துவிடுவதை நினைத்து அஞ்சினார். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன்.

மறுக்காமல் வழி கண்டவர்கள், சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த ‘பீனட்ஸ்’ படக்கதையைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த குழுவினர். 1965இல் அதன் நாயகச் சிறுவன் சார்லி பிரவுனின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு இயக்குநர் பில் மெலெண்டஸ் உண்மையான குழந்தைகளையே பேச வைத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத சிறுமிக்கு வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்துப் பதிவுசெய்தார்கள். அந்தத் தடுமாற்றமே ஷுல்ஸின் எளிய கோட்டுக்குப் பொருந்தியது. பின்னணியில் சிரிப்பொலி சேர்க்கக் கூடாது என்று ஷுல்ஸ் பிடிவாதமாக இருந்தார். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருந்த மௌனம் அதனால் பிழைத்தது. படக்கதையில் பெரியவர்கள் அநேகமாகத் தலைகாட்டுவதே இல்லை. தொலைக்காட்சியில் ஆசிரியை பேச வேண்டிய இடம் வந்தபோது, 1967 நிகழ்ச்சி ஒன்றிலிருந்து, டிராம்போன் வாத்தியத்தின் ‘வா வா’ ஒலியை வைத்தார்கள். சார்லியின் நாய் ஸ்னூப்பியின் எண்ணங்கள் தாளில் மேகக் குமிழிகளாக மிதக்கும். அதைக் குரலாக்காமல் உடலசைவாகவும், மெலெண்டஸே எழுப்பிய விசித்திர ஒலிகளாகவும் மாற்றினார்கள். தாளில் இருந்ததை நகலெடுக்காமல், தாளில் அது செய்த வேலையைச் செய்யக்கூடிய வேறொன்றைத் தேடினார்கள்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. கேலிச்சித்திரக்காரர் ஆர்.கே. லக்ஷ்மணின் கட்டம்போட்ட கோட்டுக்காரச் சாமானியர் ஒரு வார்த்தையும் பேசாதவர். 1988இல் தூர்தர்ஷனில் வந்த ‘வாக்லே கி துனியா’ அவரைப் பேச வைக்கத் துணியவில்லை. அவருடைய நிலைமையை மட்டும் எடுத்து வாக்லே என்ற நடுத்தரக் குடும்பத்து ஊழியரிடம் கொடுத்தது.

இப்போது உங்கள் கூத்துக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சி பொங்கியதற்குக் காரணம், நீங்கள் தேடுவது நம் கையிலேயே இருப்பதுதான். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இரவு இரவாக நடக்கிறது. துரியோதனன் படுகளத்தில்தான் விழப்போகிறான் என்று தெரிந்துகொண்டே சனம் அடுத்த இரவுக்கும் வருகிறது. நாளைக்கு மிச்சம் வைக்கும் வித்தை தெரிந்த கலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் இரண்டு மணி நேரச் சினிமாவைப் பார்த்துப் படியெடுக்க வேண்டும்? ஐந்து இரவுகள் போடுங்கள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். ஐந்தாம் இரவிலும் லைலா பழைய உருவுக்கு வர வேண்டாம்.

தினசரிப் படக்கதையில் கட்டத்தின் மேல் வரும் கதைசொல்லி வரிகளை, கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரனிடம் கொடுங்கள். நேற்று நடந்ததைச் சொல்வதும், சிந்துபாத் மனத்தில் நினைப்பதை வெளியே சொல்வதும் அவனால் முடியும். கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நிற்கும் உரிமை அவனுக்கு ஏற்கெனவே இருக்கிறது. இருவர் பிடிக்கும் திரைதான் உங்கள் கட்டம். அதற்குப் பின்னாலிருந்து பாட்டு வரட்டும், சலங்கை கேட்கட்டும், மூசாவின் முகம் தெரிவதற்குத் தாமதமாகட்டும்.

பொம்மை அளவு லைலாவுக்குப் பொம்மையோ வீடியோ திரையோ வேண்டவே வேண்டாம். சிந்துபாத் தன் உள்ளங்கையைப் பார்த்துப் பேசட்டும். பதிலைப் பின்பாட்டுக்காரர் பக்கத்திலிருந்து ஒரு பெண் பாடட்டும். கையில் அவள் இருப்பதாக முதல் வரிசைக் குழந்தைகள் நம்புவார்கள்.

வேலையைத் தொடங்குமுன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டுவிடுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படைப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் உரிமை அதன் உரிமையாளருடையது. டிக்கெட் போடவில்லை என்பதால் மட்டும் அது இல்லாமல் போகாது. அனுமதி கிடைக்காவிட்டால் மாரண்டஅள்ளியையோ பஞ்சப்பள்ளி அணையையோ சுற்றி உங்கள் கதையை நீங்களே கட்டம் கட்டமாக வரைந்து, நூலகப் பலகையில் தினம் ஒன்று ஒட்டுங்கள். ஒரு மாதம் ஊர் அதைப் படித்த பிறகு கூத்தாக்குங்கள். வாத்தியாரிடம் இந்த இரண்டாவது வழியையும் இப்போதே பேசி வைப்பது நல்லது.