சராசரிச் சொத்து எங்கள் தெருவில் ஏன் தென்படவில்லை?

நகர்ப்புறக் குடும்பத்தின் சராசரிச் சொத்து சுமார் 27 லட்சம் என 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறும்போது, குடியாத்தத்தில் உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடும் இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள்.

பத்து வீடுகளில் ஒன்பதுக்குத் தலா 2 லட்சமும் ஒன்றுக்கு 1.82 கோடியும் இருந்தால் சராசரி 20 லட்சம் ஆகிவிடும். ஆனால் வரிசையின் நடுவில் நிற்கும் வீட்டிடம் இருப்பது 2 லட்சமே. நாட்டு நிலையும் இதுதான்: உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் மதிப்பீட்டில், 2022-23இல் மேல்தட்டு 1 விழுக்காட்டினரிடம் நாட்டுச் செல்வத்தில் சுமார் 40 விழுக்காடு இருந்தது, வருமானத்தில் அவர்கள் பங்கு ஏறத்தாழ 23 விழுக்காடுதான்.

இந்த இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும். வருமானம் ஆண்டுதோறும் வந்து செலவாகிறது. சொத்தோ தங்கி, விலையேறி, பிள்ளைகளுக்குக் கைமாறுகிறது. மடியில் முறத்தை வைத்து நாள் முழுதும் பீடி சுற்றும் பெண்ணின் கூலி அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் போய்விடுகிறது; அவருடைய ஒரே சேமிப்பான இரண்டு சவரன் சங்கிலியும் பெரும்பாலும் அடகுக் கடையில்தான் இருக்கும், அந்தக் கடனைக் கழித்த மீதியே அவர் செல்வம். காட்பாடிப் பக்கம் மனை வாங்கிப் போட்டவருக்கோ, உழைக்காத நாளிலும் மதிப்பு ஏறுகிறது. இந்தியாவில் மரபுரிமைச் சொத்துக்கான வரி 1985இலும், செல்வ வரி 2015இலும் கைவிடப்பட்டன. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.