உட்கருவுக்குள் கொழுப்புக்கு என்ன வேலை? – கேள்வி பதில்

கேள்வி: மேடம், கொழுப்பு சவ்வில்தானே இருக்கும்? உட்கருவுக்குள் எப்படி?

பதில்: உட்கருவைச் சுற்றிச் சவ்வு இருக்கிறது, சரி. ஆனால் உள்ளேயும் கொழுப்பு இருக்கிறது. 1987-இல் லூசியோ கோக்கோ, ராபின் இர்வின் குழுவினர் சுண்டெலியின் ரத்தப் புற்றுநோய் செல்களிலிருந்து உட்கருவைப் பிரித்து, டிடர்ஜென்ட்டால் சவ்வை உரித்தார்கள். அதற்குப் பிறகும், கதிரியக்க பாஸ்பரஸ் கொண்ட ஏ.டி.பி.யை (பாஸ்பேட்டைத் தரும் மூலக்கூறு) கொடுத்ததும் பி.ஐ.பி.2 என்ற கொழுப்பு உருவானது. அப்படியானால் அதைச் செய்யும் கைனேஸ் நொதிகளும் (பாஸ்பேட்டைச் சேர்ப்பவை) உள்ளேயே இருக்கின்றன.

கேள்வி: செல் சவ்வின் மிச்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?

பதில்: அந்தச் சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது. அதைத் தீர்த்தவை ஸ்விஸ் 3டி3 என்ற சுண்டெலி செல்கள். ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் உட்கருவில் பி.ஐ.பி.2 குறைந்து, அது உடைந்து உருவாகும் டையசைல்கிளிசரால் கூடியது. செல்லைத் தூண்டும் இன்னொரு பொருளான பாம்பெசினைக் கொடுத்தால் செல் சவ்வில் மட்டும்தான் அந்த மாற்றம், உட்கரு அசையவில்லை. வெறும் ஒட்டுமிச்சம் என்றால் பாம்பெசினுக்கும் உட்கருவில் மாற்றம் தெரிந்திருக்கும்.

கேள்வி: அந்த டையசைல்கிளிசரால் அப்புறம் என்ன ஆகும்?

பதில்: புரோட்டீன் கைனேஸ் சி என்ற சமிக்ஞை நொதியை உட்கருவுக்குள் வரவழைக்கும். வேலை முடிந்ததும் டி.ஜி.கே. ஸீட்டா போன்ற நொதிகள் டையசைல்கிளிசராலை பாஸ்பாடிடிக் அமிலமாக்கி, சமிக்ஞையை அணைத்துவிடும்.

கேள்வி: சவ்வே இல்லாத இடத்தில், தண்ணீரில் கொழுப்பு எப்படி நிற்கும்?

பதில்: இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த கேள்வி இதுதான். எஸ்.எஃப்-1 என்ற புரதம் ஜீன்களை இயக்குவது. அதன் நடுவே ஒரு குழி. பி.ஐ.பி.2 கொழுப்பின் வால் அதற்குள் செருகியிருக்கும், பாஸ்பேட் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஐ.பி.எம்.கே. என்ற நொதி அந்தத் தலையில் இன்னொரு பாஸ்பேட்டைச் சேர்த்து பி.ஐ.பி.3 ஆக்குகிறது, கொழுப்பு புரதத்திலேயே இருக்கும்போது! பிடென் (PTEN) என்ற நொதி அந்த பாஸ்பேட்டைத் திரும்பக் கழற்றும். ஜீன் இயக்கமும் அதற்கேற்பக் கூடும், குறையும். 2012-இல் இது வெளியானது. சவ்வில் இதே வேலையைச் செய்யும் பி.ஐ.3 கைனேஸ், எஸ்.எஃப்-1-இல் இருக்கும் கொழுப்பைத் தொடவில்லை. ஆகவே உட்கருவுக்கு வேறு கருவிகள் என்றே நான் சொல்வேன்.

கேள்வி: புற்றுநோயோடு தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. பிடென் நொதிக்கான ஜீன் பல புற்றுநோய்களில் இழக்கப்படுகிறது. 2019-இல், நெருக்கடியில் (ஸ்ட்ரெஸ்) இருக்கும் செல்லின் உட்கருவில், புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தோடு பி.ஐ.பி.2 இணைந்து அதை நிலைப்படுத்துவதும் தெரியவந்தது. படிக்கிறவர்கள் பிடென், பி53 இந்த இரண்டிலிருந்து தொடங்கலாம்.