கொடிப் போஞ்சிக்கும் செடிப் போஞ்சிக்கும் என்ன வித்தியாசம்? வீட்டுத் தோட்டத்துக்கு எது நல்லது?

கம்பைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் ஏறுவது கொடிப் போஞ்சி. முழங்கால் உயரத்தில் நின்றுவிடுவது செடிப் போஞ்சி. செடியின் நுனி பூவாகவே முடிந்துவிடும், அதனால் காய்ப்பும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். கொடியின் நுனி வளர்ந்துகொண்டே போகும். இலை தண்டோடு சேரும் கக்கங்களில் புதுப் பூ வந்துகொண்டே இருக்கும். கொடி மாதச் சம்பளம் மாதிரி, செடி கைக்காசு மாதிரி.

லயத்துப் பக்கம் துண்டு நிலம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது கொடிதான்: ‘பண்டாரவளை கிரீன்’, ‘கெப்பெட்டிபொல நில்’ போன்ற ரகங்கள். நுவரெலியாவில் உறைபனி விழும் ஜனவரி, பெப்ரவரியில் விதைக்க வேண்டாம். ஒரே இரவில் இலை கருகிவிடும். காயை இளசாகவே பறியுங்கள். விதை முற்றித் தோல் புடைத்தால், கொடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

யூரியா கூடினால் காயும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் கூடுவது இலைதான். யூரியா தருகிற நைதரசனை, வேர் முடிச்சுகளே காற்றிலிருந்து கொஞ்சம் பிடித்துத் தரும்.