ஒருத்தர் மட்டும்தானா? (கடிதம்)

வணக்கம். வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிறவள் நான். பெரும்பாலும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். போன வாரம் ஓர் உணவகத்தில் பாதிச் சாப்பாட்டில் இருந்தபோது சர்வர் வந்து, "நாலு பேர் வந்திருக்காங்க, அந்த மூலைக்கு மாறிக்கிறீங்களா?" என்றார். தட்டை நானே தூக்கிக்கொண்டு போனேன். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. இதற்குப் போய் வருத்தப்படுவது அதிகப்படியா?

எம்.

அன்புள்ள எம்.,

அதிகப்படி இல்லை. தட்டை நீங்களே தூக்கிக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்ட எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

நானும் பல வருடங்கள் தனியாகச் சாப்பிட்டவன். ஒருமுறை சாப்பிடும்போது போன் வந்தது. மற்றவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று வாசல் பக்கம் போய் இரண்டு நிமிடம் பேசிவிட்டு வந்தேன். என் தட்டைக் காணோம். டேபிளைத் துடைத்த ஈரம்கூடக் காயவில்லை. மூக்குக் கண்ணாடியை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார்கள். நான் கிளம்பிவிட்டேன் என்று நினைத்தார்களாம். கூட ஒருவர் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது. இன்றும் தனியாகச் சாப்பிடும்போது போன் வந்தால் எடுப்பதில்லை.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. டேபிள்களை இரண்டு பேருக்கு, நான்கு பேருக்கு என்றுதான் போடுகிறார்கள். கூட்ட நேரத்தில் நான்கு நாற்காலிக்கு ஒருவர் என்றால் மூன்று பேரின் வியாபாரம் போகிறது. டிப்ஸை நம்பியிருக்கும் சர்வருக்கும் சின்ன பில் என்றால் வரவு குறைவு. தனியாக வருபவர் பேச்சுத் துணை இல்லாததால் பெரும்பாலும் சீக்கிரமே எழுந்துவிடுவார் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சரி, எந்தக் கணக்கானாலும் வாசலோடு முடியவேண்டும். "இப்போ கூட்டம், சின்ன டேபிள்தான் இருக்கு, பரவாயில்லையா?" என்று உள்ளே நுழையும்போதே கேட்டால் அதில் அவமானம் ஒன்றுமில்லை. உட்காரவைத்துப் பரிமாறிய பிறகு அது உங்கள் இடம்.

வாசலில் கேட்கும் கேள்வியையும் சொல்லவேண்டும். "எத்தனை பேர்?" என்றால் போதுமே. "ஒருத்தர் மட்டும்தானா?" என்கிறார்கள். அந்த "மட்டும்" எதற்கு? கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, பழக்கம்தான். ஆனால் தயங்கித் தயங்கி வந்தவருக்கு அந்த ஒரு சொல் போதும், திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றிவிடும்.

அந்தத் தயக்கத்தைப் பற்றி ரெபெக்கா ராட்னர், ரெபெக்கா ஹாமில்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓவியக்கூடத்துக்குத் தனியாகப் போனால் அவ்வளவாக ரசிக்க முடியாது என்று எண்ணியவர்கள், போய்ப் பார்த்தபோது துணையோடு போனவர்கள் அளவுக்கே ரசித்தார்கள். தனக்கு யாருமில்லை என்று பிறர் நினைப்பார்களோ என்ற பயம்தான் இப்படித் தனியாகப் போகவிடாமல் தடுக்கிறது என்கிறார்கள். உணவகத்தில் அந்தப் "பிறரில்" முதல் ஆள் கதவருகே நிற்கும் ஊழியர்தான்.

பெரிய உபசாரம் ஒன்றும் தேவையில்லை. ஒரு சர்வரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எதிர்ப்பக்கம் வைத்திருந்த தட்டையும் டம்ளரையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார். நான் பையிலிருந்து புத்தகத்தை எடுப்பதைப் பார்த்துவிட்டு, "அந்த டேபிள்ல வெளிச்சம் நல்லா இருக்கும் சார், வேணும்னா மாறிக்கோங்க" என்றார். அவரும் மாறத்தான் சொன்னார், பாருங்கள். என் தண்ணீர் டம்ளரை அவரே கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த முறை யாராவது எழுப்பினால், "சாப்பிட்டு முடிச்சதும் எழுந்துக்கறேன்" என்று சொல்லுங்கள். குரலை உயர்த்தவேண்டாம், காரணமும் சொல்லவேண்டாம். எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தை அந்த உணவகத்தின் மேனேஜருக்கும் அனுப்பிவையுங்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு போன வரியை எடுத்துவிடாதீர்கள்.